பன்னிரண்டு டாலரும் ஆயிரம் ரூபாயும்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், படப்பை வழியாக வண்டலூருக்கு வரும் சாலையும், வண்டலூரிலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் போகும் சாலையும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே கோடுதான். கோட்டின் மேற்குப் பக்கம் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். சற்று வடக்கே வல்லம் வடகாலில், செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்காக 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டியது; 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. கோட்டின் கிழக்கு முனையில், கேளம்பாக்கத்தில், ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் 2012 வாக்கில் வந்து சேர்ந்தவர்கள் மியன்மாரிலிருந்து ஓடிவந்த சுமார் நூறு ரோஹிங்யாக்கள். பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு பொறுக்கிக் காயலான் கடையில் போட்டுப் பிழைப்பது அவர்களில் பலரின் தொழில். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஆதார் கேட்பார், வங்கிக் கணக்கு கேட்பார், பி.எஃப். எண் கேட்பார். இவர்கள் கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த ஓர் அட்டை. அந்த அட்டை எந்தத் தொழிற்சாலை வாசலையும் திறக்காது.

ரோஹிங்யாக்களுக்கான பன்னாட்டு மனிதநேய உதவியை மதிப்பிட வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாருக்குத்தான் போக வேண்டும் என்பது வழக்கம். நியாயமும்கூட, பணமும் முகாம்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஆனால் அந்த உதவியின் அளவுகோல் எங்கே பிசகுகிறது என்பது, உதவி ஏறக்குறைய எட்டிப்பார்க்காத கேளம்பாக்கத்தையும், வெளிநாட்டுப் பணம் பெரிதாக இல்லாமலே நாற்பது ஆண்டுகளாக நடக்கும் நம்மூர் ஈழத்தமிழர் முகாம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

ரோஹிங்யா நெருக்கடி 2017இல் தொடங்கவில்லை. 1978இல் பர்மிய (இன்றைய மியன்மார்) ராணுவம் நடத்திய நாகமின் நடவடிக்கையில் சுமார் இரண்டு லட்சம் பேர் எல்லையிலுள்ள நாஃப் நதியைக் கடந்து வங்காளதேசத்துக்கு வந்தார்கள். உலகம் அரிசி அனுப்பியது. அரிசி வந்து சேர்ந்தது, கிடங்குகளில் இருந்தது, பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகவில்லை. காக்ஸ் பஜாரில் அகதிகள் ஆணையத்தின் கிளைப் பொறுப்பாளராக இருந்த ஆலன் லிண்ட்க்விஸ்ட் 1979இல் எழுதிய அறிக்கை, என் கருத்தில், ரோஹிங்யா உதவியைப் பற்றி இதுவரை வந்த மதிப்பீடுகளில் மிக நேர்மையானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், முகாம்களில் ஊட்டமின்மையாலும் நோயாலும் இறந்தார்கள் என்று அவர் கணக்கிட்டார். அகதிகளை வசதியாக வைத்தால் திரும்பிப் போக மாட்டார்கள் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வெளிப்படையாகவே இருந்தது. ரேஷன் குறைந்தது, ஆட்கள் திரும்பினார்கள். ஐ.நா. அமைப்புகளும் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தன என்பது அவர் தம் சொந்த நிறுவனத்தின் மீதே வைத்த குற்றச்சாட்டு.

1991–92இல் மறுபடி இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். மறுபடி திருப்பி அனுப்புதல். 1993இல் அகதிகள் ஆணையம் வங்காளதேச அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்கும் வேலையை ஏற்றது. 1995இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம்களில் விசாரித்தபோது, மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதே பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதே காலத்தில் இதே வேலையை இதே ஆணையம் தமிழ்நாட்டிலும் ஏற்றது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள்வரை ஈழ அகதிகள் மீது தமிழகத்துக்கு இருந்த பரிவு ஒரே இரவில் சந்தேகமானது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழைவது தடுக்கப்பட்டது. அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிக் கதவுகள் சில காலம் அடைபட்டன. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. விருப்பத்தை உறுதிசெய்ய அகதிகள் ஆணையத்துக்கு அந்த ஆண்டின் நடுவில்தான் சென்னையில் இடம் கிடைத்தது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். பிள்ளைக்குப் படிப்பில்லை, முகாமில் கெடுபிடி. இந்த நிலையில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் 'விருப்பம்' எவ்வளவு விருப்பம்? காக்ஸ் பஜாருக்கும் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கும் அன்று வித்தியாசம் குறைவு. ஸ்ரீபெரும்புதூரில் நினைவிடத்தைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கிளைக்கதை தெரியும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

2017க்கு வருவோம். ஆகஸ்ட் 25 அன்று மியன்மார் ராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காக்ஸ் பஜாரின் உகியா, டெக்நாஃப் வட்டங்களுக்குள் வந்து விழுந்தார்கள். யானைகள் நடமாடிய காட்டு மேடுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு ஒரு நகரம் எழுந்தது. முதல் சில நாட்கள் அவர்களுக்குச் சோறு போட்டது எந்தப் பன்னாட்டு நிறுவனமும் அல்ல, உள்ளூர் மக்கள். ஆனால் பிறகு வந்தவர்களின் வேலையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். அந்த நெருக்கத்தில், அந்த மழையில், அந்தக் கழிவுநீருக்கு நடுவில் காலரா பரவியிருந்தால் பல்லாயிரம் பேர் போயிருப்பார்கள். அக்டோபரிலேயே ஒன்பது லட்சம் டோஸ் வாய்வழித் தடுப்பு மருந்து வந்து இறங்கியது. பெரும் கொள்ளைநோய் தவிர்க்கப்பட்டது. உலகமே மறந்துபோன தொண்டை அடைப்பான் நோய் அந்த ஆண்டு இறுதியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தது. மருத்துவர்கள் அதை நாற்பது சொச்சம் உயிரிழப்போடு நிறுத்தினார்கள். 2018 முதல் வீட்டுக்கு வீடு சமையல் எரிவாயு கொடுத்ததில் விறகுக்காகக் காடு அழிவது நின்று, மொட்டை மேடுகளில் திரும்பவும் பச்சை வந்தது. பெண்கள் விறகுக்காகக் காட்டுக்குள் போய்ப் படும் ஆபத்தும் குறைந்தது. உதவித் துறையில் ஒரே செலவில் இத்தனை காரியம் நடப்பது அபூர்வம்.

உதவியை மதிப்பிட நன்கொடை நாடுகள் வைத்திருக்கும் சட்டகம் ஆறு கேள்விகள் கொண்டது: தேவைக்குப் பொருந்தியதா, மற்ற முயற்சிகளோடு ஒத்துப்போனதா, இலக்கை எட்டியதா, சிக்கனமாக நடந்ததா, மாற்றம் ஏற்பட்டதா, அது நிலைக்குமா. காக்ஸ் பஜார் முதல் நான்கில் ஏறக்குறைய தேறிவிடும். ஒத்துப்போவதில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு: வந்தவர்களை அகதிகளாக வங்காளதேசம் ஏற்காததால், இயல்பாகத் தலைமை ஏற்க வேண்டிய அகதிகள் ஆணையம் ஒதுங்கி நிற்க, பன்னாட்டுப் புலம்பெயர்வோர் அமைப்பு முன்னுக்கு வந்து, யார் பொறுப்பு என்பது நெடுநாள் குழம்பியது. கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும்போது அறிக்கைகளின் குரல் தாழ்ந்துவிடும். குடியுரிமை, வேலை செய்யும் உரிமை, முகாமை விட்டு வெளியே போகும் உரிமை எல்லாம் 'சூழல்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். உதவி நிறுவனத்தின் கையில் இல்லாதவற்றுக்கு அதன்மேல் மதிப்பெண் போடக்கூடாது என்பது வாதம். வாதம் சரி. ஆனால் அதனால் மதிப்பெண் பட்டியலே பொருளிழந்து போகிறது.

ரேஷன் கதை இதற்கு நல்ல சோதனை. உலக உணவுத் திட்டம் ஒருவருக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. பணம் வற்றியதால் 2023 மார்ச்சில் அது 10 ஆனது, ஜூனில் 8. ஒரு நாளைக்கு 27 சென்ட், அன்றைய நம் கணக்கில் இருபத்திரண்டு ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான். ஆண்டு முடிவதற்குள் குழந்தைகளிடையே கடும் ஊட்டக்குறைவு 15.1 விழுக்காட்டைத் தொட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரநிலை எல்லை 15. பிறகு 2024இல் படிப்படியாக ஏற்றி, ஆகஸ்டில் 12.50 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். இந்த எண்களை உதவி நிறுவனங்கள் தங்களுக்குச் சான்றிதழாகக் காட்டுகின்றன: பாருங்கள், எங்கள் பணம் குறைந்தால் பிள்ளைகள் வாடிவிடுகிறார்கள், எங்கள் உதவி பலனளிக்கிறது. உண்மைதான். அதே எண் ஒரு குற்றப்பத்திரிகையும்கூட. ஆறு ஆண்டு கோடிக்கணக்கில் செலவழித்த பிறகு, நான்கு டாலர் குறைந்ததும் தடுமாறி விழும் நிலையில் ஒரு குடும்பம் இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத்துக்கு வேறு எந்த வழியும் விடப்படவில்லை என்று பொருள்.

பணத்தின் அளவையும் பார்த்துவிடலாம். ஆண்டுதோறும் வெளியாகும் கூட்டுத் திட்டத்தில் 2018க்குக் கேட்டது 95 கோடி டாலர். 2024க்கு 85 கோடி, உள்ளூர் மக்களையும் சேர்த்து 13.5 லட்சம் பேருக்கு. தலைக்கு ஆண்டுக்கு 630 டாலர், மாதத்துக்கு ஐம்பது சொச்சம். உணவுச் சீட்டு அதில் நான்கில் ஒரு பங்குதான். மீதி குடிசை, தண்ணீர், மருத்துவம், பள்ளி, பாதுகாப்பு, அவற்றை நடத்தும் அமைப்புகளின் ஊழியர், வண்டி, அலுவலகம். கேட்டது எந்த ஆண்டும் முழுதாக வந்ததில்லை. வந்ததும் வந்தவழியில் பல கை மாறித்தான் இறங்கியது. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டையொட்டி நன்கொடையாளர்கள், நிதியில் கால்பங்கையாவது உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாக வாக்களித்தார்கள். உலக அளவில் நேரடியாகப் போனது சில விழுக்காட்டைத் தாண்டவில்லை. காக்ஸ் பஜாரின் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் எரிச்சலில் நியாயம் உண்டு: விலைவாசி ஏறியது, கூலி இறங்கியது, காடு போனது, வாடகைக் கார்கள் மட்டும் பெருகின.

ஆனாலும் என் குறை நிர்வாகச் செலவு பற்றியதல்ல. அது எல்லா உதவிக்கும் உள்ள வியாதி. காக்ஸ் பஜாரின் பெரிய முகாமான குதுப்பாலாங்கில் அதைவிட ஆழமானது வேலி. 2019இல் முள்கம்பி வேலி எழத் தொடங்கியது. 2021 மார்ச் 22 அன்று முகாம் பற்றி எரிந்து சுமார் 45,000 பேர் குடிசை இழந்தபோது, ஓட வழியில்லாமல் பலர் அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டார்கள். வேலை செய்யச் சட்டப்படி அனுமதி கிடையாது. தன்னார்வலர் என்ற பெயரில் சிறு ஊக்கத்தொகை மட்டும். மியன்மார் பாடத்திட்டத்தில் முறையாகப் பாடம் நடத்தவே 2021 இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நான்கு ஆண்டுப் பிள்ளைகள் விளையாட்டும் எழுத்தும் மட்டுமே கற்று வளர்ந்துவிட்டார்கள். பதிவு செய்தால்தான் ரேஷன் என்ற நிலையில் அகதிகள் கொடுத்த கைரேகையும் பெயரும், அவர்கள் அறியாமலே மியன்மார் அரசின் கைக்குப் போனதை 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொண்டுவந்தது. எந்த அரசிடமிருந்து ஓடிவந்தார்களோ அதே அரசு. முகாமிலிருந்து உரிமைக்குரல் எழுப்பிய முஹிபுல்லா அதே ஆண்டு செப்டம்பரில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லைக்கு அப்பாலும் இதே கணக்குதான். ராக்கைன் மாநிலத்தின் சிட்வே அருகே 2012 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களை அடைத்து வைத்த முகாம்களுக்கு உலகம் உணவு அனுப்பியது. அனுப்பாவிட்டால் பட்டினி, அனுப்பினால் அந்தச் சிறையை நடத்தும் செலவை ஏற்றதாகிறது. 2014இல் எல்லையற்ற மருத்துவர்களை அங்கிருந்து வெளியேற்றிய அரசோடு மற்றவர்கள் முறைத்துக்கொள்ளத் துணியவில்லை. ஐ.நா.வுக்காக கெர்ட் ரோசென்தால் 2019இல் அளித்த விசாரணை அறிக்கை, மியன்மாரில் ஐ.நா. அமைப்பு முறையாகவே தோற்றது என்று சொன்னது. வளர்ச்சித் திட்டங்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ஒரு பிரிவும், உரிமை மீறலைப் பேச வேண்டும் என்று இன்னொரு பிரிவும் இழுத்ததில், பேச வேண்டிய நேரம் கடந்துபோயிற்று.

இப்போது தமிழ்நாட்டு முகாம்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 ஈழத்தமிழர்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொன்னது. மாத உதவித்தொகையையும் உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. சலுகை அரிசி தனி. அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய் என்பது பதின்மூன்று டாலர் சொச்சம். அதாவது கையில் விழும் தொகையில் கும்மிடிப்பூண்டி முகாமுக்கும் குதுப்பாலாங்குக்கும் பெரிய வேறுபாடில்லை!

வாழ்க்கையில் வேறுபாடு மலையளவு. முகாம் ஆண்கள் காலையில் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். சென்னையைச் சுற்றி எழும் கட்டடங்களில் அவர்கள் கை படாதவை குறைவு. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல், கலைக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். இது தானாக வரவில்லை. எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பாக, 1991க்குப் பின் அடைபட்ட கல்விக் கதவுகளைத் தட்டித்தட்டித் திறந்ததில் பெரும்பங்கு வகித்தது. இந்த முகாம்களைப் போற்றிப் பாட நான் வரவில்லை. மாதந்தோறும் வருவாய்த்துறைத் தணிக்கை நாளில் ஆள் நேரில் நிற்காவிட்டால் பணம் வெட்டு. காவல்துறை க்யூ பிரிவின் கண் ஓயாது. மருத்துவப் படிப்பும் அரசு வேலையும் எட்டாக்கனி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கும் குடியுரிமை இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களையும் சேர்க்கவில்லை, ரோஹிங்யாக்களையும் சேர்க்கவில்லை. இருந்தும் ஆயிரம் ரூபாய் வராத மாதத்தில் இந்த முகாம்களில் குழந்தைகளின் எடை குறையாது. உதவியின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த கேள்வி இது ஒன்றுதான்: அது நின்றுபோனால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்?

இன்னும் பழைய பாடமும் நம்மிடம் உண்டு. நே வின் ஆட்சி 1960களில் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது பர்மாவிலிருந்து தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலில் வந்தார்கள். அவர்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குமாக 1969இல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் எழுந்தது. கடனும் ஒரு கடைக்கு அனுமதியும் கொடுத்து மறுவாழ்வு. அவர்கள் இந்திய வம்சாவளி, சட்டம் கதவைத் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பர்மா 1982இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களுக்குச் சாத்திய கதவு எதுவோ, அதற்கு நேரெதிரான கதவு இது.

இந்திய அரசின் நிலை இரண்டு கைகளும் இரண்டு வேலை செய்வது. 2017 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் ரோஹிங்யாக்களை அடையாளம் கண்டு வெளியேற்றுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே 'ஆபரேஷன் இன்சானியத்' என்ற பெயரில் விமானப்படை விமானம் சிட்டகாங்கில் நிவாரணப் பொருள் இறக்கியது. ராக்கைனில் திரும்பி வருவோருக்காக 250 வீடுகள் கட்டி 2019இல் இந்தியா ஒப்படைத்தது. குடியேற வேண்டியவர்கள் பெருமளவில் திரும்பும் நிலை வரவே இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே பதிவான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் சட்டத்தின் கண்ணில் வெறும் அந்நியர். முறைப்படி அனுப்பலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றத் தடை விதித்ததால், கேளம்பாக்கம் போன்ற சிறு குழுக்களுக்குக் கசிந்துகொண்டிருந்த கொஞ்சமும் சுருங்கிற்று. அங்கே எஞ்சியிருப்பது மாநில அரசு கண்டும் காணாமல் கொடுத்த கூரை, மின்சாரம், பக்கத்துப் பள்ளி. குதுப்பாலாங்கில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உதவிகூட இல்லை. ஆனால் கம்பி வேலி இல்லை.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு இலங்கையின் முள்ளிவாய்க்கால் கடலோரம் ஒதுங்கியது. முதலில் கண்டவர்கள் மீனவர்கள். முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தவர்களும் அவர்களே. பிறகு இலங்கை அரசு படகில் வந்தவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தது. திருப்பி அனுப்பாதே என்று வடக்கில் தமிழர்களும் முஸ்லிம்களும் தெருவில் நின்றார்கள். முந்தைய ஆண்டு மட்டும் கடலில் 569 ரோஹிங்யாக்கள் இறந்தோ காணாமலோ போனதாக அகதிகள் ஆணையம் கணக்குச் சொன்னது. ரேஷன் எட்டு டாலராக இருந்த ஆண்டு அது. படகேறியவர்கள் எல்லாரும் பசியால் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ரேஷனைத் தவிர வேறொன்றும் தராத முகாமில் எந்த இளைஞன் உட்கார்ந்திருப்பான்?

2025இல் அமெரிக்கா தன் உதவியை வெட்டியது. மார்ச்சில் உலக உணவுத் திட்டம், ஏப்ரல் முதல் ஆறு டாலர்தான் என்று அறிவித்துவிட்டு, கடைசி நேரத்தில் பணம் கிடைத்ததால் 12 டாலரில் நிறுத்தியது. ஜூனில் யுனிசெஃப் சின்ன வகுப்புகளை மூடியது; இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் படிப்பு நின்றது. ராக்கைனில் சண்டை மூண்டதில் ஒன்றரை ஆண்டில் புதிதாக ஒன்றரை லட்சம் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் நன்கொடை நாடுகளின் கூட்டங்களில் 'தற்சார்பு' என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. கேட்க வேண்டிய பேச்சுதான். எட்டு ஆண்டு தாமதமாக, பணம் தீர்ந்த பிறகு கேட்கிறது. வேலை செய்ய அனுமதி வாங்கித் தர டாக்காவிடம் மன்றாட வேண்டிய காலத்தில், உதவி கைநிறைய இருந்த காலத்தில், அந்தக் கைச்சரக்கைப் பேரத்துக்கு வைத்திருக்கலாம். வேலியை அப்படியே விட்டுவிட்டு ரேஷனை மட்டும் குறைத்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், நடப்பது லிண்ட்க்விஸ்ட் 1979இல் எழுதி வைத்ததுதான்.